நட்சத்திரம் 4.7, சிரமம் ‘எளிது’: மதுராந்தகம் பக்கத்து ஏரியில் மாட்டிய வண்டிகள்

பின்னணி

சென்னையிலிருந்து வார இறுதியில் மண்பாதை ஓட்டக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிற) வண்டி வாங்கியாச்சு, அதை எங்கே ஓட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. மலை வேண்டுமென்றால் ஜவ்வாது வரை போக வேண்டும், அங்கேயும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அதனால் பலரும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிக்கரைகள், பாலாற்று மணல், ஊருக்கு ஊர் போகும் வண்டிப்பாதைகள் என்று கிளம்பிவிடுகிறார்கள். இந்த இடங்களில் வழிகாட்டிப் பலகை எதுவும் கிடையாது. பாதைகளைப் பகிரும் செயலியில் யாராவது பதிவேற்றி வைத்திருக்கும் கோடுதான் வழி, அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம்தான் நம்பிக்கை.

இங்கே எழுதுவது அப்படிப் போன ஒரு குழுவுக்கு ஒரு பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது. போனவர்களிடம் தனித்தனியாகப் பேசி, அவர்களுடைய ஜி.பி.எஸ். பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பார்த்து, அப்புறம் அந்த ஊருக்கே போய்ப் பேசிவிட்டு எழுதுகிறேன். அவர்கள் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். ஆட்கள் பெயர், செயலியின் பெயர், ஊரின் பெயர் மூன்றையும் விட்டுவிட்டேன். ஊர்ப் பெயரைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு வண்டி அங்கே போய் நிற்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே, நடுத்தர அளவுள்ள ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வண்டிகள். முதல் வண்டியை ஓட்டியவர் பல வருடங்களாக மண்பாதையில் ஓட்டுகிறவர், குழு அவர் சொன்னதைக் கேட்கும். இரண்டாவதும் ஃபோர் வீல் டிரைவ்தான், ஆனால் வண்டியும் புதிது, ஓட்டுபவரும் இதற்குப் புதிது. மூன்றாவது சாதாரண டூ வீல் டிரைவ் எஸ்.யூ.வி., அதில் ஒரு குடும்பம், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையோடு.

பாதையைத் தேர்ந்தெடுத்த விதம்

செயலியில் அந்தப் பாதையின் பக்கம் இப்படி இருந்தது: 14 கிலோமீட்டர், சுற்றுப்பாதை, சிரமம் ‘எளிது’, நட்சத்திரம் 4.7, மதிப்புரைகள் 6. பனைமர வரிசைக்கு நடுவே போகும் செம்மண் பாதையின் அழகான படம் ஒன்று. சனிக்கிழமை இரவு குழுவில் இதைப் பகிர்ந்ததும், குடும்பத்தோடு வருகிறவர் உட்பட எல்லோரும் சரி என்றார்கள்.

அந்த ஆறு மதிப்புரைகளையும் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். இரண்டு பேர் சைக்கிளில் போனவர்கள். ஒருவர் ஓட்டப் பயிற்சிக்காக ஓடியவர். ஒருவர் டர்ட் பைக்கில் போனவர். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போய் எழுதியவர்கள் இரண்டே பேர், இருவரும் போனது மே, ஜூன் மாதங்களில். சைக்கிள்காரர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது காலை வெயிலில் பனந்தோப்பு பார்க்க நன்றாக இருந்ததற்காக, அதை அவரே எழுதியிருக்கிறார். பொய்யாக எழுதியவர் ஆறு பேரில் ஒருவரும் இல்லை. ஆனால் நூறு கிலோ தாண்டாத ஆளும் சைக்கிளும், ஒன்றேமுக்கால் டன் வண்டியும் ஒரே சராசரிக்குள் போய்விட்டன, கோடையும் தை மாசியும் ஒரே சராசரிக்குள் போய்விட்டன. 4.7 என்ற எண் அதைத்தான் காட்டியது.

‘எளிது’ என்ற சொல் வந்த வழி வேறு. நட்சத்திரம் போகிறவர்கள் போடுவது, சிரமம் பதிவேற்றியவர் போடுவது. விக்கிலாக் போன்ற செயலியில் பாதையைப் பதிவேற்றுகிறவரே எளிது, நடுத்தரம், கடினம் என்பதுபோல ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். விக்கிலாக் தானாகக் கணக்கிட்டு 100க்கு ஒரு தரமதிப்பெண்ணும் தருகிறது, ஆனால் அது அந்தப் பதிவு எவ்வளவு நன்றாக விவரிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு பேர் பயன்படுத்தினார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது, பாதை எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லாது. அமெரிக்காவில் வண்டிப் பாதைகளுக்கென்றே இருக்கும் டிரெய்ல்ஸ் ஆஃப்ரோடு, ஆன்எக்ஸ் ஆஃப்ரோடு போன்றவை 1 முதல் 10 வரை எண் போடுகின்றன. பாறைப் படி எவ்வளவு உயரம், கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி) எவ்வளவு வேண்டும், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) வேண்டுமா என்று பார்த்துப் போடும் எண் அது. பாறையும் சரளையும் உள்ள ஊருக்கு அது பொருந்தும், ஏனென்றால் பாறை மே மாதத்திலும் பிப்ரவரியிலும் அதே உயரம்தான். நம்ம ஏரி அப்படியில்லை. ஒரே தரை மூன்று மாதம் தண்ணீர், இரண்டு மாதம் உளை (கால் புதையும் சேறு), அப்புறம் கிரிக்கெட் மைதானம்.

இந்தச் செயலிகளில் பலவற்றுக்கு அடியில் இருக்கும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தையும் பார்த்தோம். அதில் மண்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை ஒரு தரம் உண்டு. 1 என்றால் கெட்டித்தளம், 5 என்றால் மென்மையான மண். பலர் இதை சிரமத்தின் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள், அது தளத்தின் கெட்டித்தன்மை மட்டும்தான். சக்கர வண்டி போக முடியுமா என்பதற்குத் தனியாக எட்டுப் படிகள் கொண்ட இன்னொரு குறியீடு இருக்கிறது. இந்த ஏரிக்குள் போகும் கோட்டுக்கு இரண்டுமே போடப்படவில்லை. ‘மண்பாதை’ என்று மட்டும் இருந்தது.

சனிக்கிழமை இரவே ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏரில தண்ணி இருக்குமே, மழை முடிஞ்சு ரெண்டு மாசம்தானே ஆச்சு?” அதற்கு வந்த பதில், செயலியின் செயற்கைக்கோள் படத்தின் ஸ்கிரீன்ஷாட். ஏரி முழுக்கக் காய்ந்து பழுப்பாக இருந்தது. கேள்வி அத்தோடு முடிந்துவிட்டது. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் பார்க்கவில்லை. வரைபடங்களுக்கு மேகம் மறைக்காத படங்களைத்தான் பொறுக்கிச் சேர்ப்பார்கள், நம்ம பக்கம் மேகமில்லாத படம் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட மாதங்களில். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பியிருக்கும்போது எடுத்த படம் அதில் வருவது கஷ்டம். இந்தக் குழு போட்ட முடிவுகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான், ஏனென்றால் சரியான கேள்வி கேட்கப்பட்டது, அதற்கு ஆதாரம் போல ஒன்று காட்டப்பட்டது.

கரையில்

தாம்பரத்தில் விடியுமுன் சேர்ந்து, ஜி.எஸ்.டி. சாலையில் டிபன் முடித்து, ஒன்பது மணிவாக்கில் பாதையைப் பிடித்தார்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் படத்தில் பார்த்தது மாதிரியே இருந்தது. அப்புறம் கோடு ஏரிக்கரை மேல் ஏறியது. கரை அகலம் ஒரு வண்டிக்குச் சரியாக இருந்தது. மதகு தாண்டி, மிகைநீர் வழியும் கலங்கலுக்கு முன்னால் கோடு கரையிலிருந்து இறங்கி ஏரிக்குள் போய் மறுகோடியில் ஏறுகிறது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வண்டிகளைப் பார்த்துக் கிட்டே வந்து, “உள்ள எறங்காதீங்க தம்பி, மேலதான் காஞ்சிருக்கு, அடியில உளை” என்று சொன்னார். முதல் வண்டிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. இறங்கி, கோடு போகும் வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். தரை வெடித்துக் காய்ந்திருந்தது, செருப்பில் ஈரம்கூட ஒட்டவில்லை. திரும்பி வந்து, “நல்லா கெட்டியாத்தாங்க இருக்கு ஐயா, பார்த்துப் போறோம்” என்று சொல்லியிருக்கிறார்.

நடந்து பார்ப்பது எல்லா ஆஃப்ரோடு பயிற்சியிலும் சொல்லிக் கொடுப்பது. தண்ணீர் எவ்வளவு ஆழம், குழி எங்கே இருக்கிறது என்று பார்க்க அது உதவும். மேலே காய்ந்திருக்கும் பொருக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லாது. நிற்கிற ஆளின் பாதம் தரையில் தரும் அழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ.க்குள் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) இருக்கும். டயர் தரும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான், அன்றைக்கு எல்லா வண்டியிலும் 32க்கு மேல் இருந்தது. ஆள் நடந்தால் தாங்குகிற பொருக்கு வண்டியைத் தாங்காது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். கடப்பாரையையோ ஒரு கம்பையோ குத்திப் பார்த்திருந்தால் ஒரு சாணுக்குக் கீழே வண்டல் ஈரமாக இருப்பது தெரிந்திருக்கும்.

மூன்றாவது வண்டிக்காரர், நான் இங்கேயே கரையில் நிற்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டேன். பெரியவர் சொன்ன தொனி அவருக்குப் போதுமாக இருந்ததாம், அவருடைய அப்பா இதே மாதிரி ஓர் ஏரிப்பாசன ஊர்க்காரர். அந்த ஒரு முடிவினால்தான் மாலைக்குள் எல்லோரும் வீடு திரும்ப முடிந்தது.

உளையில்

முதல் வண்டி அறுபது எழுபது மீட்டர் வரை சாதாரணமாகப் போயிருக்கிறது. அப்புறம் பின்பக்கம் திடீரென்று இறங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நாலு சக்கரமும் சுற்றி, பொருக்கை உடைத்து, வயிற்றுப்பகுதி தரையில் உட்காரும் வரை வண்டி இறங்கிவிட்டது. களிமண் டயரின் பள்ளங்களை நிரப்பிவிட்டால் எந்த விலை டயரும் வழவழப்பான டயர்தான்.

அடுத்தது இரண்டாவது வண்டி. இழுக்கப் போன அது, முதல் வண்டியின் தடத்திலேயே பின்னால் வராமல், பக்கவாட்டில் சுற்றி முன்னால் போக முயன்று, அதுவும் மாட்டியது. கயிறு கட்டி இழுக்க முன்பக்கம் வேண்டும் என்று நினைத்தார்களாம். வந்த வழிதான் தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே வழி, பின்பக்கமாக இழுப்பதுதான் முறை.

இரண்டு மணி நேரம் தோண்டினார்கள். டயர் காற்றை 18க்கு இறக்கினார்கள், சக்கரத்துக்கு அடியில் பிடிப்புக்காக வைக்கும் ஒரு ஜோடி டிராக்‌ஷன் போர்டு இருந்தது, அது சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. காற்றை இறக்குவது மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. வயிறு உட்கார்ந்த பிறகு சக்கரத்தின் மேல் எடையே இல்லை. உச்சி வெயிலில், குடிக்கத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தபோது, மூன்றாவது வண்டிக்காரர், இனிமேல் யாரும் எதையும் முயற்சி செய்ய வேண்டாம், நான் ஊருக்குள் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று கிளம்பினார்.

ஊர்க்காரர்கள் ஒரு டிராக்டரோடு வந்தார்கள். நாற்று நடுவதற்கு முன் வயலைச் சேறாக்கப் பூட்டும் கேஜ் வீல் பூட்டியிருந்தது. டிராக்டர்காரர் உளைக்குள் இறங்கவே இல்லை. கெட்டியான ஓரத்தில் நிறுத்தி, இவர்களிடம் இருந்த இரண்டு கயிற்றையும் சேர்த்து நீளமாக்கி, பின்பக்க ரெக்கவரி கொக்கியில் மாட்டி, ஆட்களை எல்லாம் கயிறு அறுந்தால் எட்டாத தூரத்துக்கு விரட்டிவிட்டு, மெல்ல இழுத்தார். இரண்டாவது வண்டி சுலபமாக வந்தது. முதல் வண்டியை இழுக்குமுன் மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. நாலு மணிக்கு இரண்டும் கரையில். யாருக்கும் காயமில்லை. முதல் வண்டியில் சி.வி. பூட் (அச்சு மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருந்தது, இரண்டிலும் பிரேக்குக்குள் வண்டல் போயிருந்தது.

ஊர் சொன்னது

வண்டிகள் வெளியே வந்த பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். அவர்கள் ஏரியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, கரையைக் காட்டினார்கள். மழைக்காலத்தில் யாரோ பைக்கிலும் வண்டியிலும் கரை மேல் போய், சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி ஆழமாகப் பதிந்து, மழைத்தண்ணீர் அதில் ஓடி ஒரு இடத்தில் கரையின் சரிவு அரித்திருந்தது. மதகை ஒட்டி அந்த அரிப்பு. அந்த மதகிலிருந்து பாய்வதை நம்பித்தான் கீழே ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலம்) முழுக்க நெல். கரை மேல் வண்டி ஏறக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு, ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்குப் பலகை வைக்கத் தோன்றவில்லை.

இது உத்திரமேரூர் வட்டாரம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை போட்டு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர். ஏரியைப் பார்த்துக்கொள்வது இங்கே அவ்வளவு பழைய பொறுப்பு. செயலி அந்தக் கரையைக் காட்டியது ஒரு மெல்லிய பச்சைக் கோடாக, பக்கத்தில் ‘எளிது’ என்று.

டிராக்டர்காரர் டீசலுக்கும் அரை நாள் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். முதல் வண்டிக்காரர், கரையைச் சரிசெய்ய எங்கள் பங்குக்கு நாங்கள் வருகிறோம் என்று அங்கேயே சொல்லி, அடுத்த ஞாயிறு குழுவில் நாலு பேரோடு போய், ஊராட்சியில் சொல்லிவிட்டு, ஒரு டிராக்டர் கிராவல் அடித்துத் தடங்களை நிரப்பிக் கெட்டித்தார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் கூடித்தான் இருக்கிறது.

மதிப்புரை எழுதியது

அடுத்த வாரம் குழுவுக்குள் நடந்த விவாதம், எத்தனை நட்சத்திரம் போடுவது என்பது. ஒருவர் கோபத்தில் ஒன்று போட்டார். இன்னொருவர், முதல் ஐந்து கிலோமீட்டர் அருமையான பாதை, அதற்கு ஏன் ஒன்று போட வேண்டும் என்று நாலு போட்டார். இரண்டு பேரும் நியாயம்தான். சராசரி 4.7லிருந்து 4.1க்கு வந்தது. வரிசையில் பார்க்கிற ஒருவருக்கு 4.1 என்பது இன்னும் நல்ல பாதைதான். சிரமம் என்ற இடத்தில் ‘எளிது’ அப்படியே இருந்தது, எத்தனை பேர் ஒரு நட்சத்திரம் போட்டாலும் அது நகராது.

அதனால் மூன்றாவது வண்டிக்காரர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுத்தில் கவனம் வைத்தார். எந்த மாதம், கடைசி மழை எப்போது, ஏரியில் தண்ணீர் எதுவரை நின்றது, என்ன வண்டி, டயர் காற்று எவ்வளவு, எந்தக் கிலோமீட்டரில் எது ஆரம்பிக்கிறது, கரை மேல் வண்டி போக ஊர் அனுமதி இல்லை என்பது, எல்லாவற்றையும் பத்து வரிகளில். முதல் வரியிலேயே, தை முதல் பங்குனி வரை ஏரிக்குள் இறங்க வேண்டாம் என்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டார். நான் படித்த பாதை மதிப்புரைகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

பதிவேற்றியவருக்கும் செயலி வழியாகவே செய்தி அனுப்பினார்கள். அவரும் சென்னைக்காரர்தான், ஜூன் மாதத்தில் ஓட்டியவர், ஏரி எலும்பாகக் காய்ந்திருந்த வருடம் அது. உடனே பதில் போட்டு, கோட்டைத் திருத்தி, கரையையும் ஏரியையும் வெட்டிவிட்டு ஊர்ச்சாலை வழியாகச் சுற்றி வருகிற மாதிரி மாற்றிவிட்டார். செயலி நிறுவனத்துக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் வரச் சில வாரங்கள் ஆயின, அதற்குள் பதிவேற்றியவரே மாற்றிவிட்டதால் அவர்கள் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏரிக்குள் இருந்த கோட்டை அழித்துவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். வரைபடத்தில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் தடுத்தார். அழித்தால், செயற்கைக்கோள் படத்தில் சக்கரத் தடத்தைப் பார்க்கிற வேறு யாராவது நல்லெண்ணத்தோடு மறுபடி வரைந்துவிடுவார். கோட்டை வைத்துக்கொண்டு, தளம் சேறு, பருவத்துக்கு மட்டும் உலரும் என்று குறித்து, கரைக்கு மோட்டார் வண்டி அனுமதி இல்லை என்ற குறியையும் போடுவதுதான் நிலைக்கும். அப்படியே செய்தார்கள். வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளில் அது மெல்ல வந்து சேரும்.

இப்போது அவர்கள் செய்வது

குழு இப்போது பாதை தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறது. முதலில் மதிப்புரைகளைத் தேதி வாரியாகப் பிரித்து, தாங்கள் போகப்போகும் மாதத்தில் தங்கள் மாதிரி வண்டியில் போனவர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அந்தப் பாதைக்கு மதிப்பீடே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆறு மதிப்புரை இருந்தாலும் அறுபது இருந்தாலும்.

தண்ணீருக்கு சென்டினல்-2 படங்களைப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் இந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன, இலவசம், தேதியோடு கிடைக்கிறது. 10 மீட்டர் துல்லியம்தான், சக்கரத் தடம் தெரியாது, ஆனால் ஏரியில் தண்ணீர் எதுவரை இருக்கிறது, எப்போது பின்வாங்கியது என்பது தெளிவாகத் தெரியும். தண்ணீர் வற்றி எத்தனை வாரம் ஆனது என்று தெரிந்தால் பொருக்குக்குக் கீழே என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். கார்த்திகையில் மேகம் தொல்லை கொடுக்கும், தை மாசியில் பெரும்பாலும் நல்ல படம் கிடைக்கும்.

அதற்கும் மேல், முந்தின நாளே ஊர்க்காரர் யாரிடமாவது பேசிவிடுகிறார்கள். கரை மேல் போகும் எந்தக் கோட்டையும் ஊராட்சியில் கேட்காமல் எடுப்பதில்லை என்று ஒரு முடிவு. இதை நான் இன்னும் கறாராகச் சொல்வேன்: ஏரிக்கரையைப் பாதையாகப் பதிவேற்றவே கூடாது, எந்த மாதத்திலும்.

செயலி செய்கிறவர்கள் செய்யக்கூடியதும் பெரிய வேலையில்லை. மதிப்புரை எழுதும்போது வண்டி வகையையும் போன மாதத்தையும் கட்டாயமாகக் கேட்டு, பாதைப் பக்கத்தில் ‘கார், பிப்ரவரி: மதிப்புரை இல்லை’ என்று காட்டினால் போதும். 4.7 என்ற ஒரே எண்ணுக்குப் பதிலாக இது இருந்திருந்தால், சனிக்கிழமை இரவு கேட்ட அந்தக் கேள்விக்கு ஸ்கிரீன்ஷாட்டால் பதில் சொல்லியிருக்க முடியாது.

பழைய கோட்டை முன்பே நகலெடுத்து வேறு ஒருவர் தன் பெயரில் பதிவேற்றியது இன்னும் அதே செயலியில் இருக்கிறது, கரையும் ஏரியும் சேர்த்து, சிரமம் ‘எளிது’ என்று. அவருக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அந்தப் பத்து வரி மதிப்புரையை அதன் கீழேயும் போட்டிருக்கிறார்கள், அடுத்த மழைக்கு முன் மறுபடியும் புகார் கொடுக்கப்போகிறார்கள்.